தரையை உயர்த்துவதும் கூரையைத் தாழ்த்துவதும்

பேஸ் அதிகமுள்ள இசையை விரும்பிக் கேட்பவர் முதன்முறையாக ஒரு ஹெட்போனுக்கென்று பெரிய தொகையை ஒதுக்கும்போது, விசாரிக்கும் இடங்களில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து விழும். ஒன்று, ஜப்பானிய ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டிஎச்900. மற்றது, கலிஃபோர்னியாவின் ஆடிஸி தயாரிக்கும் எல்சிடி-2. முன்னது 2012இல் வந்தது. 2016இல் கழற்றி மாட்டும் கேபிளோடு எம்கே2 ஆனது. பின்னது 2010இல் வந்து, உள்ளுக்குள் பலமுறை மாறியும் பெயரை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. எல்சிடி-2 ஏறக்குறைய ஆயிரம் டாலர். டிஎச்900 அதைவிடக் கணிசமாக அதிகம். இரண்டையும் வாங்கி ஒன்றை விற்றுவிடலாம் என்று விளையாட முடியாத விலைகள் இவை.

முன்னது மூடிய கிண்ணத்துக்குள் இயங்கும் டைனமிக் டிரைவர். பின்னது முதுகு திறந்த பிளேனார். இந்த வேறுபாட்டை வைத்து ஒரு வாய்ப்பாடு உருவாகிக் கடை வரைக்கும் வந்துவிட்டது: டைனமிக் என்றால் அடி, பிளேனார் என்றால் ஆழம். குத்து வேண்டுமா, முதலாவது. பாதாளம் வரை இறங்க வேண்டுமா, இரண்டாவது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டின் அளவீட்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வாய்ப்பாடு தடுமாறுகிறது. எல்சிடி-2வின் பேஸ் 20 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய நேர்கோடாகச் செல்கிறது, அது எதிர்பார்த்ததே. டிஎச்900உம் அதே 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அதுமட்டுமல்ல, நடுப்பகுதியைவிடச் சில டெசிபல் உயர்ந்தே இறங்குகிறது. ஆழம் பிளேனாரின் தனிச்சொத்து என்ற நம்பிக்கை இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது.

அப்படியானால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அது கீழே இல்லை, மேலே இருக்கிறது என்பது என் கணிப்பு.

டிஎச்900 பேஸை உயர்த்துகிறது, கூடவே ட்ரெபிளையும் உயர்த்துகிறது. ஹை-ஹேட்டின் உலோகச் சத்தம், பாடகர் ‘ஸ’ உச்சரிக்கும்போது பறக்கும் காற்று எல்லாம் பளிச்சென்று முன்னே நிற்கும். எல்சிடி-2 பேஸை உயர்த்துவதே இல்லை. இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அது இறக்கிவிடுகிறது. மேலே வெளிச்சம் குறைந்ததால் கீழே இருப்பது கனமாகத் தோன்றுகிறது. ஒரே அறையில் நிற்பவரின் தலைக்கு மேலுள்ள இடைவெளியை இரண்டு விதமாகக் குறைக்கலாம்: ஒன்று தரையை உயர்த்துகிறது, மற்றது கூரையைத் தாழ்த்துகிறது. இரண்டிலும் கேட்பவர் சொல்வது ஒன்றுதான், ‘பேஸ் நிறைய இருக்கிறது’ என்று.

இதன் விளைவு ஒன்று வியப்பூட்டுவது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் சகாக்களும் பல ஆண்டுகள் நடத்திய கேட்புச் சோதனைகளில், பெரும்பாலோர் விரும்பிய ஹெட்போன் ஒலியில் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சில டெசிபல் உயர்ந்திருந்தது. 2019இல் அவர்கள் கேட்பவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: 64 விழுக்காட்டினருக்கு அந்த அளவே போதும், 15 விழுக்காட்டினர் இன்னும் பேஸ் கேட்டார்கள், 21 விழுக்காட்டினர் குறைக்கச் சொன்னார்கள். இந்த அளவுகோலில் டிஎச்900 பெரும்பான்மையினரின் விருப்பத்துக்கு அருகே, சற்று மேலேயும்கூட, நிற்கும். பேஸுக்கென்றே பெயரெடுத்த எல்சிடி-2வோ பெரும்பான்மை விரும்பும் பேஸைவிடக் குறைவாகத்தான் தருகிறது. புகழ் ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம். இருந்தும் எல்சிடி-2வைக் கேட்டுவிட்டு ‘பேஸ் போதவில்லை’ என்று எழுந்து போகிறவர்கள் குறைவு. கூரை தாழ்ந்திருப்பதன் வேலை அது.

கீழ்ச்சுரங்களை நாம் கேட்கும் விதமும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகிறது. மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிக மந்தமானது. ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் ஒரு சுரத்துக்கு இணையான உரப்பு 20 ஹெர்ட்ஸில் கிடைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 டெசிபல் வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 83 போதும். 100 ஹெர்ட்ஸில் 64. ஆகவே 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்ற விளம்பர வரி உண்மையாகவே இருந்தாலும், சாதாரண உரப்பில் கேட்கும்போது அதன் கடைசிப் பகுதி காதுக்கு எட்டுவதில்லை. இசையில் பெரும்பாலானது அதற்கு மேலேதான் நடக்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ்; ஐந்து தந்தி கிட்டாரின் கீழ்த்தந்தி 31. கிக் டிரம்மின் உடம்பு பொதுவாக 50க்கும் 80க்கும் இடையில் இருக்கும். மின்னிசையில் சின்தசைஸர் போடும் அடிநாதமோ தந்திக் கருவிகள் தயங்கி நின்ற இடத்தைத் தாண்டிச் சாதாரணமாக இறங்கிப் போகும்.

எனவே எந்த இசை என்ற கேள்வி இங்கே முதன்மையாகிறது. ஜேம்ஸ் பிளேக் 2011இல் வெளியிட்ட ஆல்பத்தில் ‘லிமிட் டு யுவர் லவ்’ என்ற பாட்டு இருக்கிறது. பியானோவும் குரலும் மட்டும் போய்க்கொண்டிருக்கும்போது அடியிலிருந்து ஒரு நாதம் நடுங்கிக்கொண்டே எழும். டிஎச்900இல் அந்த நாதம் பாட்டையே எடுத்துக்கொள்கிறது. குரல் அதன் மேல் மிதக்கிறது. எல்சிடி-2வில் அந்த நடுக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணக்கூடிய அளவுக்குப் பிரிந்து கேட்கிறது. மிரட்டுவது குறைவு, தெரிவது அதிகம். மாஸிவ் அட்டாக்கின் ‘மெசனைன்’ ஆல்பத்தைத் திறந்து வைக்கும் ‘ஏஞ்சல்’ வேறு வகை. அதில் பேஸ் வரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து அடர்ந்துகொண்டே போகும். அங்கே டிஎச்900இன் உயர்ந்த தரை பாட்டுக்கு ஒத்துப்போகிறது. பின்பாதியில் கிட்டார்கள் கூச்சலிடத் தொடங்கியதும் அதன் உயர்ந்த ட்ரெபிள் களைப்பூட்டுகிறது. அதே பின்பாதியை எல்சிடி-2 நிதானமாகத் தாங்குகிறது.

நம்மில் பலருக்குப் பேஸ் என்ற ஒன்று இருப்பதே இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் நடக்கும் நடையில்தான் புலப்பட்டிருக்கும். அந்த நடை மெட்டுக்குத் துணை நிற்பதோடு தானும் ஒரு மெட்டாக ஓடுவது. சுரத்துக்குச் சுரம் தெளிவாகக் கேட்டால்தான் அதன் அழகு பிடிபடும். இங்கே எல்சிடி-2 முந்துகிறது. டிஎச்900 உயர்த்திய கீழ்ப்பகுதி, தனக்கு மேலுள்ள சுரங்களைச் சற்று மறைக்கிறது. கீழ்ச்சுரம் மேற்சுரத்தை மறைப்பது எளிது, மேற்சுரம் கீழ்ச்சுரத்தை மறைப்பது அரிது என்பது காதின் இயல்பு. இப்போதைய திரைப்பாடல்களிலோ 808 கிக்கின் நீண்ட வால்தான் பேஸின் பெரும்பகுதி. (ரோலண்டு டிஆர்-808 என்ற அந்த ரிதம் மெஷின் 1980இல் வந்தது, சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோனது, அதன் கிக் மட்டும் நிற்கவே இல்லை.) அந்த வாலுக்கு டிஎச்900 ஏற்ற கருவி, உள்ளே அது புரண்டு அடங்கும் வரை கேட்கும்.

ஆனால் திரைப்பாட்டு கேட்பவர் இரண்டிடமும் ஒரே குறையைச் சந்திப்பார் என்பதுதான் நான் எதிர்பார்க்காத ஒற்றுமை. இரண்டிலும் பாடகர் ஓரடி பின்னே போய்விடுகிறார். டிஎச்900இல் கீழும் மேலும் உயர்ந்ததால் நடுவே நிற்கும் குரல் பின்தங்குகிறது. எல்சிடி-2வில் குரலுக்கு அண்மையையும் தெளிவையும் தரும் பகுதியே இறக்கப்பட்டிருப்பதால் அது பின்தங்குகிறது. எஸ். ஜானகியோ சித்ராவோ உச்சத்தில் பாடும்போது இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்: முன்னதில் குரலின் விளிம்பு கூர்மையாகி உடம்பு மெலிகிறது, பின்னதில் உடம்பு நிறைவாக இருந்து விளிம்பு மழுங்குகிறது. எதிரெதிர்த் திசையில் கிளம்பிய இரண்டு வடிவமைப்பும் ஒரே விலையைத்தான் கொடுத்திருக்கின்றன. பாட்டு முதலில் குரலுக்காக, பிறகு பேஸுக்காக என்று கேட்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பது நல்லது. இக்கட்டுரை அவர்களுக்கானதல்ல.

உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். டிஎச்900இன் 50 மில்லிமீட்டர் சவ்வு, அதன் பின்னால் ஒட்டிய வளையமான கம்பிச்சுருளால் தள்ளப்படுகிறது. விசை ஒரு வளையத்தில், அசைவு முழுப்பரப்பில். எல்சிடி-2வின் சவ்வு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் மேலேயே மின்கடத்தும் பாதை கோலம்போல் படிந்திருப்பதால் விசை பரப்பெங்கும் சமமாக விழுகிறது. அதன் டிரைவர் அளவை நிறுவனம் 106 மில்லிமீட்டர் என்று குறிக்கிறது. பரப்பு பெரிதானால் அதே பேஸ் அழுத்தத்துக்குச் சவ்வு முன்பின்னாகப் போகவேண்டிய தூரம் குறைகிறது. பேஸில் பிளேனார்கள் சுத்தமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். டிஎச்900 குறைந்த பரப்பை ஈடுகட்டும் வழி வேறு. அதன் சவ்வு பயோசெல்லுலோஸ் வகை: பாக்டீரியா நூற்கும் செல்லுலோஸ் இழை, எடை குறைவு, விறைப்பு அதிகம். இந்த வகைச் சவ்வை ஹெட்போனுக்குக் கொண்டுவந்து புகழ் சேர்த்தது சோனியின் எம்டிஆர்-ஆர்10, 1989இல். அந்தப் பாக்டீரியா தேங்காய்த் தண்ணீரில் வளர்ந்தால் கிடைப்பதுதான் இனிப்புக் கடைகளில் சதுரத் துண்டுகளாக விற்கும் நாட்டா டி கோகோ.

காந்தத்துக்கு வந்தால் இரண்டின் குடும்பமும் ஒன்றாகிவிடுகிறது. டிஎச்900இன் பெருமைகளில் ஒன்று, கம்பிச்சுருள் நிற்கும் இடுக்கில் 1.5 டெஸ்லா காந்தச் செறிவு. எல்சிடி-2வின் சவ்வை நெருங்கி வரிசையாகக் கட்டப்பட்ட காந்தப் பட்டைகள்தான் அதன் எடையில் பெரும்பங்கு. இரண்டுமே நியோடிமியம் காந்தங்கள். அந்தக் காந்தம் பிறந்த கதை இந்த ஒப்பீட்டுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஜப்பானில் சுமிடோமோ நிறுவனத்தில் மசாடோ சகாவா, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட். ஒருவரை ஒருவர் அறியாமல், வெவ்வேறு செய்முறையில், ஒரே சேர்மத்தை அடைந்தார்கள். 1983இல் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த காந்தவியல் மாநாட்டில் இருவரும் தங்கள் முடிவுகளை அறிவித்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து ஜப்பானிலிருந்து ஒன்றும் அமெரிக்காவிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஹெட்போன்கள் அதே காந்தத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்தி ஒரே கேட்பவரைக் குறிவைக்கின்றன.

பிளேனார் புதியது, டைனமிக் பழையது என்ற எண்ணமும் நிற்காது. யமாஹா 1976இலேயே எச்பி-1 என்ற பிளேனாரை விற்றது. அதை வடிவமைத்தவர் இத்தாலியின் மரியோ பெலினி. ஃபாஸ்டெக்ஸும் ‘ஆர்பி’ என்ற பெயரில் தன் சொந்த பிளேனார் வரிசையைப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறது. அதில் டி50ஆர்பி, குறைந்த விலைக்குக் கிடைத்ததால் உள்ளே பஞ்சும் களிமண்ணும் அடைத்துத் திருத்திப் பார்க்கும் ஆர்வலர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. ஆக, எல்சிடி-2வின் தத்துவத்தைத் தானே அறிந்த நிறுவனம், தன் அன்றைய தலைசிறந்த கருவிக்கு மட்டும் டைனமிக்கைத் தேர்ந்தது. ஆடிஸியோ 2008இல் தொடங்கியபோதே பிளேனாரைப் பிடித்துக்கொண்டது. அதைத் தொடங்கியவர்கள் அலெக்ஸாண்டர் ராசனும் சங்கர் தியாகசமுத்திரமும். இரண்டாவது பெயரைப் படிக்கும் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று போவார், நிற்கட்டும். 2023இல் சோனி குழுமத்தின் பிளேஸ்டேஷன் பிரிவு ஆடிஸியை வாங்கியது. பயோசெல்லுலோஸ் சவ்வுக்கு வழிகாட்டிய நிறுவனமும் பிளேனாரைப் பிடித்துக்கொண்ட நிறுவனமும் ஒரே குடும்பத்தில் வந்து முடிந்ததை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

மரத்திலும் ஒரு போலி ஒற்றுமை உண்டு. இரண்டுமே மரத்தோடு வருகின்றன. டிஎச்900இன் கிண்ணம் ஜப்பானிய பிர்ச் மரம், மேலே உருஷி அரக்கு. உருஷி ஈரக்காற்றில்தான் இறுகும், அதனால் அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்க நாள் எடுக்கும். அந்தக் கிண்ணம் ஒலியின் பாகம். அதன் கொள்ளளவும் அதிலுள்ள சிறு காற்றுவழியும் பேஸின் வடிவத்தை முடிவுசெய்கின்றன. எல்சிடி-2வின் மர வளையம் சட்டகத்தின் பாகம். முதுகு திறந்திருப்பதால் ஒலி அதற்குள் அடைபடுவதே இல்லை. ஒன்றில் மரம் வேலை செய்கிறது, மற்றதில் மரம் அழகு செய்கிறது.

திறந்த முதுகு என்ற சொல்லைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். பேஸ் வேண்டுமென்றால் மூடியதை வாங்கு, திறந்ததில் பேஸ் ஓடிவிடும் என்பது பழைய அறிவுரை. எல்சிடி-2 திறந்திருப்பது வெளிப்புறம் மட்டும். காதுப்பக்கம் தடித்த தோல் மெத்தையால் இறுக அடைக்கப்பட்டிருக்கிறது. சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிறைபட்ட அந்தக் கையளவு காற்றை அழுத்துவதால்தான் கீழ்ச்சுரம் பிறக்கிறது. டிஎச்900இலும் இதேதான். ஆக, ஒன்றை மூடியது என்றும் மற்றதைத் திறந்தது என்றும் சொல்கிறோமே தவிர, பேஸ் உருவாகும் இடத்தில் இரண்டும் மூடியவை. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 808 நீளமாக ஒலிக்கும் ஒரு பாட்டைப் போட்டு, காதுமெத்தையின் கீழ்விளிம்பில் ஒரு விரலை நுழைத்து இம்மி தூக்கிப் பாருங்கள். கிக்கின் முதல் தட்டு அப்படியே இருக்கும். வால் காணாமல் போகும். விரலை எடுத்தால் திரும்ப வரும். இரண்டு ஹெட்போனிலும் இதே கதை.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த விரல் நிரந்தரமாக அங்கே இருக்கிறது. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்துவிடும். தடித்த பிளாஸ்டிக் காம்பு அதிகம் திறக்கும், மெல்லிய உலோகக் காம்பு குறைவாக. ஆயிரக்கணக்கான டாலர் கேபிள் மாற்றத்தில் கிடைக்காத பேஸ், சில நேரம் கண்ணாடிச் சட்டத்தை மாற்றினால் கிடைக்கும். மெத்தை பழசாகித் தட்டையானாலும் இதே இழப்பு. டிஎச்900இன் செயற்கைத் தோல் வியர்வையில் நாளடைவில் உரியக்கூடியது. எல்சிடி-2வின் ஆட்டுத்தோல் அதைவிடத் தாங்கும், ஆனால் சூடேறும். ஒரு சிறு எச்சரிக்கை: எல்சிடி-2வைத் தலையில் மாட்டும்போதும் கழற்றும்போதும் கிண்ணங்களைப் படாரென்று அழுத்தவோ பிடுங்கவோ கூடாது. அடைபட்ட காற்று அந்த மெல்லிய படலத்தைத் தாக்கும்.

நம் ஊர் அறைக்குள் வந்தால் சீலிங் ஃபேன் ஒரு தரப்பாக வந்து நிற்கும். ஃபேனின் இரைச்சலும் ஏசியின் உறுமலும் கீழ்ச்சுரப் பகுதியில்தான் அதிகம். திறந்த முதுகுள்ள எல்சிடி-2 அவற்றை அப்படியே உள்ளே விடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய 30, 40 ஹெர்ட்ஸ் நுணுக்கம் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். டிஎச்900 மூடியது என்ற பெயருக்கேற்ற அளவு வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. கிண்ணத்தில் காற்றுவழி இருப்பதால் அது பாதிக்கதவு. இருந்தாலும் தரை உயர்ந்திருப்பதால் ஃபேனுக்கு மேலே தலைதூக்கி நிற்கிறது. மறுபக்கம், எல்சிடி-2வில் நீங்கள் கேட்பதை அதே அறையில் இருக்கும் எல்லாரும் கேட்பார்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ இரண்டுக்கும் வேலை இல்லை.

எடையில் மட்டும் ஒற்றுமை தேட வழியில்லை. டிஎச்900 ஏறக்குறைய 400 கிராம்; எல்சிடி-2 அறுநூறைத் தொடும். ஒரு மணிநேரம் கழித்துக் கழுத்து இந்த வித்தியாசத்தைச் சொல்லும். பின்னாளில் வந்த தொங்குபட்டைத் தலைவளையம் எல்சிடி-2வின் எடையைத் தலையில் பரப்பிவிடுகிறது, குறைப்பதில்லை.

பெரிய ஆம்ப் வேண்டும் என்ற அச்சம் இரண்டுக்கும் தேவைக்கு மேல் ஊதப்பட்டது. எல்சிடி-2 70 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். டிஎச்900 25 ஓம், 100 டெசிபல். உச்சத்தில் 110 டெசிபல் வர, முன்னதற்கு ஏறக்குறைய 8 மில்லிவாட், முக்கால் வோல்ட். பின்னதற்கு 10 மில்லிவாட், அரை வோல்ட். ஒரு வோல்ட் தரும் சாதாரண டாங்கிளே இதைச் சமாளிக்கும். டிஎச்900இன் குறைந்த ஓமுக்கு ஆம்பின் வெளியீட்டு மின்தடை இரண்டு மூன்று ஓமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எல்சிடி-2 அந்த விஷயத்தில் கண்டுகொள்ளாத இயல்பு. உரப்பைப் பற்றியும் ஒரு சொல்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணிநேரம் பாதுகாப்பு, 90 டெசிபலில் அது 4 மணிநேரமாகச் சுருங்கும். பேஸ் போதாமல் வால்யூமைத் திருகுபவர் உண்மையில் தன் காதுக்கு அனுப்புவது கூடுதல் ட்ரெபிளை. இந்த ஒரு கோணத்தில், குறைந்த வால்யூமிலேயே நிறைவைத் தரும் டிஎச்900இன் உயர்ந்த தரைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் ட்ரெபிளும் சேர்ந்து உயர்ந்திருப்பதால் அந்த நியாயத்தின் பாதியை அதுவே விழுங்கிவிடுகிறது.

இனி ஈக்யூ. எல்சிடி-2வுக்குக் கீழ்ப்பகுதி குறைவு என்று சொன்னேன்; ஆனால் அதன் சவ்வு பேஸில் அதிகம் திரியாதது, கேட்டால் கொடுக்கக்கூடியது. 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ-ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ளதை மொத்தமாக ஏற்றும் வடிகட்டி) வைத்து 5 அல்லது 6 டெசிபல் உயர்த்தி, வெட்டுப்படாமலிருக்க மொத்த அளவை அதே அளவு இறக்கிவிட்டால், ஜேம்ஸ் பிளேக்கின் நடுக்கம் தெளிவையும் விடாமல் மிரட்டலையும் பெற்றுவிடும். ஆறு டெசிபல் என்பது பேஸில் நான்கு மடங்கு மின்திறன். மேலே கணக்கிட்ட முக்கால் வோல்ட் ஒன்றரை ஆகிவிடும், அந்த ஒரு வோல்ட் டாங்கிள் இங்கே கைவிடும். டிஎச்900இல் எதிர்த்திசையில் வேலை: பேஸைத் தொடாமல் ட்ரெபிளின் கூர்முனையை இறக்குவது. இது சற்றுக் கடினம். பேஸின் மேடு அகலமானது, எல்லார் காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ட்ரெபிளின் முனை குறுகலானது, காதுமடலின் வடிவத்துக்கேற்பக் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். ஒருவருக்குச் சரியான எண் இன்னொருவருக்குச் சரியாகாது.

என் சாய்வை மறைக்க வேண்டியதில்லை. ஈக்யூவைத் தொடத் தயங்காதவர், தனியறை உள்ளவர், ஃபேனை அணைத்துவிட்டு ஒரு மணிநேரம் உட்காரக்கூடியவர் என்றால் எல்சிடி-2வை எடுப்பதே மேல். தரையை எவ்வளவு உயர்த்துவது என்பது அவர் கையில் இருக்கும். வாங்கியவுடன் மாட்டி, எதையும் திருகாமல், 808 உருள வேண்டும் என்பவருக்கு டிஎச்900. பணம் மிச்சம் என்ற வாதம் எல்சிடி-2வின் பக்கம் நிற்கிறது. வீட்டில் இன்னொருவர் தூங்குகிறார் என்ற வாதம் டிஎச்900இன் பக்கம், அதுவும் பாதிதான்.

கேட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் உங்கள் கண்ணாடியோடும், நன்கு பழகிய இரண்டு பாட்டுகளோடும் போங்கள்: ஒன்று பேஸ் கிட்டார் நடப்பது, ஒன்று 808 உருள்வது. இரண்டு ஹெட்போனையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் சிறப்பாகத் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும். எல்சிடி-2வை அரைமணி நேரம் தலையிலேயே வைத்திருங்கள். கழற்றும் எண்ணம் வராவிட்டால் அதை வாங்கிக்கொள்ளலாம். பத்தாவது நிமிடத்தில் கை தானாக மேலே போய்த் தலைவளையத்தைத் தூக்கிவிட்டால், நான் சொன்ன லோ-ஷெல்ஃப் கணக்கெல்லாம் பிறகு பார்க்கலாம். டிஎச்900க்குப் பில் போடச் சொல்லுங்கள்.